ஏழு மில்லிமீட்டர் மூக்கு

சதொயேவுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தொகுநாகா ஒரு தடவையாவது தப்புச் செய்ய வேண்டும். அதைத் தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. குரே ஊரின் பொதுமன்ற மாடியில் சனிக்கிழமை மத்தியானம் கூடும் கப்பல் மாடல் சங்கத்தின் பதினொரு பேரில் அவரைத் தவிர எல்லாருக்கும் அதே ஆசைதான். மற்றவர்கள் வெளியில் சொல்லவில்லை, அவ்வளவே.

தொகுநாகா கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தெட்டு வருஷம் அளவு பார்த்த இன்ஸ்பெக்டர். யாராவது புது பிளாஸ்டிக் கிட் வாங்கி வந்தால் பெட்டி முதலில் அவர் கைக்குத்தான் போகும். அவர் தோல் உறையிலிருந்து, கவ்வி அளவு பார்க்கும் காலிப்பரை எடுப்பார். நீளம் ஒன்று, அகலம் ஒன்று, புகைபோக்கி உயரம் ஒன்று. மூன்றையும் அசல் கப்பலின் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்துவார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதற்கு முன் வரும் அமைதி அங்கே வரும்.

"நீளம் அரை மில்லிமீட்டர் குறைச்சல். எழுநூறால பெருக்குங்க. முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். அந்த முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்ல ஒரு மாலுமி நின்னிருப்பான். இப்ப அவனைக் கடல்ல தள்ளிட்டீங்க."

கிட்டை ஆசையாக வாங்கி வந்தவர் முகம் செத்துப்போகும்.

சதொயே அந்தச் சங்கத்தில் ஒரே பெண். ஐம்பத்து நாலு வயது. தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் தன் பட்டறையில் உட்கார்ந்து பல் செட் செய்து திருப்பி அனுப்புவாள். மயிரிழை பிசகினாலும் நோயாளியால் வெந்நீர்கூடக் குடிக்க முடியாது. அப்படிப்பட்ட கை, முதன்முதலாக ஒரு மாடல் செய்து கொண்டுவந்தபோது, தொகுநாகா அதன் கொடிக்கம்பத்தைக் காலிப்பரால் கவ்விப் பார்த்து, "இது கொடிக்கம்பமா, தந்திக்கம்பமா சதொயே சான்?" என்று கேட்டார். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து காத்திருக்கிறாள்.

அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. தொகுநாகாவின் மேல்வரிசைப் பல் செட் அவள் செய்தது. டாக்டர் அனுப்பிய சீட்டில் பெயர் இருந்தது. தொகுநாகாவுக்கு அது தெரியாது. தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பற்கள் பளிச்சென்று தெரியும். தான் கட்டிய பல்லே தன்னைப் பார்த்து இளிப்பதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மார்ச் மாதம் ஷிஸுவோகாவிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி 'ஹயாசே மாரு'வின் கிட்டை வெளியிட்டது. ஊரே பரவசப்பட்டது. போர்க்கப்பல் எல்லாருக்கும் கிடைக்கும்; ஹயாசே மாரு இந்த ஊர்க்காரர்களுடையது. தீவுகளுக்கும் குரேவுக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம் ஆள் ஏற்றிய வெள்ளைக் கப்பல். மே மாதத் துறைமுகத் திருவிழாவுக்குச் சங்கத்தார் எல்லாரும் அதையே செய்து கண்காட்சி வைப்பதென்று முடிவானது. தொகுநாகாவுக்கு இன்னும் பெருமை. ஹயாசே மாரு கட்டப்பட்டபோது இருபத்தாறு வயதில் அவர் முதன்முதலாக அளந்து முத்திரை குத்திய கப்பல் அது. வரைபடத்தின் மூலையில் அவர் பெயர் சிவப்பாக இருக்கிறது.

பெட்டியைப் பிரித்தார். அளந்தார். மறுபடி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் அளந்தார்.

"இருநூத்தி ஒன்பது" என்றார். குரலே மாறிவிட்டது. "இருநூத்திப் பதினாறு இருக்கணும். ஏழு மில்லி. முழுசா ஏழு மில்லி!"

இருநூறில் ஒன்று அளவு கிட் அது. அசலில் ஒன்று புள்ளி நாலு மீட்டர் காணவில்லை.

பஸ் டிரைவர் நிஷிவாக்கி எட்டிப் பார்த்தார். "அகலம் எப்படி?"

"அகலம் சரி. உயரம் சரி. நீளம் மட்டும் போச்சு. மூக்கை அறுத்துட்டானுங்க."

சதொயேவுக்கு உள்ளே சின்ன மணி அடித்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்து நீளம் மட்டும் தப்பு என்றால், தப்பு ஏன் காலிப்பரில் இருக்கக் கூடாது? பையிலிருந்து ஒரு யென் நாணயத்தை எடுத்து நீட்டினாள்.

"இதையும் கொஞ்சம் அளந்து பாருங்களேன். ஒரு யென் குறுக்களவு சரியா இருபது மில்லின்னு எங்க தொழில்ல சொல்லுவாங்க."

தொகுநாகா அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு நாணயத்தைக் கவ்வினார்.

"இருபது. புள்ளி பூஜ்யம்" என்றார். "திருப்தியா?"

"ரொம்ப" என்று நாணயத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். காது சுட்டது.

அன்று சாயங்காலமே தொகுநாகா கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார். மரியாதைச் சொற்களுக்குள் ஊசி வைத்துத் தைத்த கடிதம். 'தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு டேப் வாங்கவும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்' என்று ஒரு வரி இருந்ததாக நிஷிவாக்கி சொன்னார். எண்ணி எட்டாம் நாள் பதில் வந்தது. கிட்டை வடிவமைத்த மொச்சிசுகி என்பவர் திருவிழாக் கண்காட்சிக்கு நேரில் வந்து விளக்கம் தருவார்.

"வரட்டும்" என்றார் தொகுநாகா.

"வர்றதுக்குள்ள நாமளும் அசலை ஒரு தடவை அளந்துரலாமே" என்றாள் சதொயே. "ஹயாசே மாரு எங்கயும் போகலயே. ஒபாதே தீவுல கரைமேல நிக்குது. கேப்டன் குராமித்சு அதுக்குள்ள ஒகோனோமியாக்கி சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு."

"எதுக்கு? வரைபடம் இருக்கே."

"வரைபடத்துல உங்க முத்திரை இருக்கு. அசலும் சரின்னா நாலு பேர் முன்னாடி அந்தப் பொண்ணோ பையனோ வாயே திறக்க முடியாது."

தொகுநாகாவுக்கு அது பிடித்திருந்தது. சதொயேவுக்கு வேறு கணக்கு. முப்பத்தெட்டு வருஷ இன்ஸ்பெக்டர், முதல் கப்பலில், இருபத்தாறு வயதில், ஒரே ஒரு தடவை சறுக்கியிருக்கக் கூடாதா என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நிஷிவாக்கியையும் சேர்த்து மூன்று பேர் தீவுக்குப் போனார்கள். தொகுநாகா ஐம்பது மீட்டர் டேப்பும் இரண்டு தூக்குக்குண்டும் சாக்பீஸும் கொண்டுவந்திருந்தார். நிஷிவாக்கி பசியைக் கொண்டுவந்திருந்தார்.

ஹயாசே மாரு கான்கிரீட் திண்டுகள் மேல், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வயிற்றில் ஒரு கதவு வெட்டி, மேலே சிவப்புத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். எண்பது வயது கேப்டன் குராமித்சு ரப்பர் செருப்போடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அளக்கப் போறீங்களா? எதுக்கு அளக்கணும்? கப்பல் பெருசு. அவ்ளோதான்."

"அரை மணி நேர வேலை கேப்டன்" என்றார் தொகுநாகா.

"மொதல்ல சாப்பிடுங்க தம்பி. வெறும் வயித்துல அளந்தா நீளம் அதிகமாத் தெரியும்."

அறுபத்தேழு வயதுக்காரரைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். தொகுநாகா முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இரும்புத் தகட்டில் முட்டைக்கோஸ் மலை குவிந்தது. அதன் மேல் பன்றிக்கறி, நூடுல்ஸ், முட்டை, கரிய சாஸ். ஓரத்தில் மொறுமொறுவென்று வறுத்த கணவாய். தொகுநாகா அதைக் கடித்தார். கடகடவென்று நொறுங்கியது.

"இந்த வயசுல இதைக் கடிக்கிறீங்களே!" என்றார் கேப்டன்.

"மேல்வரிசை கட்டுனது. செஞ்சவன் யாரோ அளவு தெரிஞ்சவன். ஆடுறதில்ல, அசையறதில்ல. இந்த ஊர்ல உருப்படியா அளக்கத் தெரிஞ்சது நானும் அவனும்தான்."

சதொயேவுக்குப் புரையேறியது. நிஷிவாக்கி முதுகில் தட்டினார். கண்ணில் நீரோடு பார்லி டீயைக் குடித்து ஒருவாறு அடக்கினாள்.

சாப்பிட்டு முடித்ததும் கேப்டனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பின்புறம் குளவிக் கூடு. முன்புறம் தரை வழுக்கும். டேப் வெயிலில் நீளும். தொகுநாகா எதற்கும் அசையவில்லை. முன் மூக்கின் நுனியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது நிலத்தைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார். குண்டைக் கழற்றிக்கொண்டு பின்புறம் போய் அங்கும் அதே மாதிரி ஒரு குறி. கேப்டன் ஒரு துண்டு சாக்பீஸை வாங்கிக்கொண்டு உதவிக்கு முன்புறமே நின்றுகொண்டார். இரண்டு குறிகளுக்கும் நடுவில் டேப்பை இழுத்தார்கள்.

"நாப்பத்தி மூணு மீட்டர் முப்பத்தஞ்சு சென்டி" என்று படித்தார் நிஷிவாக்கி.

தொகுநாகா நெற்றியைச் சுருக்கினார். வரைபடத்தில் நாற்பத்து மூன்று இருபது. "பதினஞ்சு சென்டி அதிகமா? கப்பல் எப்படிப்பா வளரும்?"

"வயசானா எல்லாம் தொங்கும் தம்பி" என்றார் கேப்டன் அவசரமாக.

சதொயே கேப்டனின் காலைப் பார்த்தாள். வலது செருப்பின் விளிம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்னால் போய்க் குனிந்தாள். சாக்பீஸ் குறி கப்பல் மூக்குக்கு நேர் கீழே இல்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி, புதிதாக, கோணலாக இருந்தது. பழைய குறி இருந்த இடத்தில் தரையை யாரோ காலால் தேய்த்திருந்தார்கள்.

"கேப்டன்" என்றாள் மெதுவாக. "குறி நடந்து போயிருக்கே."

"காத்து."

"காத்துக்கு ரப்பர் செருப்பா?"

கேப்டன் காலை மடக்கிப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தொகுநாகா தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டார். இந்தத் தடவை குறியின் மேல் நிஷிவாக்கி காவல் நின்றார். டேப் நாற்பத்தொன்று எண்பது காட்டியது. இருநூறால் வகுத்தால் இருநூற்று ஒன்பது மில்லிமீட்டர். கிட் மயிரிழை பிசகாமல் சரி.

தொகுநாகா டேப்பைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் அளந்தேனே. இதே கையால அளந்தேனே" என்றார்.

சதொயே இரண்டு வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் அது. நியாயமாக அவளுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்திருந்த மாதிரி அவளுக்குப் பிடிக்கவில்லை. அதோடு, குற்றமில்லாதவர் எதற்குச் சாக்பீஸ் குறியை நகர்த்த வேண்டும்? அவள் கப்பலின் மூக்குப் பக்கம் போய்ப் பெயின்ட் மேல் நகத்தை மெல்ல ஓட்டினாள். சொந்தப் பல்லும் கட்டிய பல்லும் சேரும் விளிம்பை அப்படித்தான் தேடுவாள். இரண்டு ஆள் நீளம் தள்ளி நகம் ஒரு இடத்தில் தட்டியது. மேலிருந்து கீழ்வரை, பெயின்டுக்கு அடியில் ஒரு தழும்பு.

"தொகுநாகா சான், எழுந்து வாங்க. நீங்க அளந்தது சரி. இது வேற மூக்கு. அப்புறமா ஒட்டவச்சது."

தொகுநாகா தொட்டுப் பார்த்தார். அந்த வெல்டிங்கைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முதுகு நிமிர்ந்தது. "எந்த முட்டாள் போட்ட வெல்டிங் இது?"

"என் மச்சான்" என்றார் கேப்டன். பிறகு கடைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ஹயாசே மாரு ஓடத் தொடங்கி மூன்றாவது வருஷம். எதிர்க் கம்பெனியின் பச்சைக் கப்பலும் அதே நேரத்துக்கு அதே படகுத்துறைக்கு வரும். முதலில் வருபவனுக்கு நல்ல இடம். ஒரு நாள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டு கை தட்டினார்கள். கேப்டனுக்கு ரத்தம் சூடேறியது. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்காமல் துறையில் கொண்டுபோய் மோதினார்.

"மரக்கட்டை மிதந்து வந்து இடிச்சிருச்சுன்னு எழுதிக் குடுத்தேன். நாலு நாள் லீவுல மச்சான் பட்டறையில நசுங்குனதை வெட்டிட்டு இருந்த தகடை வச்சு மூக்கு போட்டோம். கொஞ்சம் சப்பையாப் போச்சு. யாருக்கும் தெரியாது. நாப்பது வருஷமா யாருக்கும் தெரியாது. போன வருஷம் அந்தப் பொம்மைக் கம்பெனிக்காரங்க ஏதோ ஒளி அடிக்கிற மெஷின் வச்சு அளந்தாங்க. அவங்க கேள்வி கேக்கல, நானும் சொல்லல." எழுந்து நின்று இடுப்பு வளையக் குனிந்தார். "ஒரு பயணி மேலயும் கீறல் படவிடாத கேப்டன்னு இந்தத் தீவுல பேரு. அதைக் கெடுத்துராதீங்க."

தொகுநாகா டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். தான் சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை அதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

"சரி" என்றார் கடைசியில். "சொல்லல."

ஆனாலும் தன் முத்திரைக்கு அவர் துரோகம் செய்யவில்லை. கண்காட்சிக்கு அவர் செய்யும் ஹயாசே மாரு பழைய நீளத்தில்தான் இருக்கும் என்றார். ஏழு மில்லிமீட்டர் கூடுதல் மூக்கைச் சதொயே பல் செட்டுக்கான பிசினில் செய்து கொடுத்தாள். ஒட்டிப் பெயின்ட் அடித்ததும் இணைப்பு தெரியவே இல்லை. தொகுநாகா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவரிடமிருந்து வந்த அந்த 'ம்' சங்கத்தில் இரண்டு நாள் பேசப்பட்டது.

திருவிழா அன்று மாடியில் பதினொரு ஹயாசே மாருக்கள் வரிசையாக நின்றன. தீவுக்காரர்கள் பழைய கப்பலைப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள். கேப்டனும் வந்து டீ மேசை ஓரம் நின்று மொமிஜி மஞ்சு என்ற இனிப்பைத் தின்றுகொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மொச்சிசுகி வந்தாள். முப்பது வயதுப் பெண், முதுகில் பை, கையில் சுருட்டிய தாள்கள். எல்லாருக்கும் குனிந்து வணங்கினாள். தாளை விரித்து, அசல் கப்பலை அளந்த கணக்கைப் பணிவாக விளக்கினாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு காலிப்பரை எடுத்தாள்.

"தவறா நினைக்காதீங்க. கடிதம் எழுதுன தொகுநாகா சான் மாடலை அளந்து பார்க்கலாமா?"

அறையே அவரைச் சுற்றி நெருங்கியது.

"இருநூத்திப் பதினாறு" என்றாள் மொச்சிசுகி. அவளுக்கே சங்கடமாக இருந்தது. "மன்னிக்கணும். எங்க கிட்டுல இந்த நீளம் வராது. நீங்க ஏழு மில்லி சேர்த்து ஒட்டியிருக்கீங்க. அசல்ல இவ்வளவு நீளம் இல்லையே?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். தொகுநாகாவின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. வாய் திறந்தது. கண் டீ மேசைப் பக்கம் போய்த் திரும்பியது. வாய் மூடியது.

"நான்தான் தப்பு" என்றார். "கடிதமும் தப்பு. கப்பலும் தப்பு. மன்னிச்சிருங்க." குனிந்தார்.

சங்கத்தில் பத்துப் பேரும் கல்லாய் நின்றார்கள். நிஷிவாக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சதொயே நேரே டீ மேசைக்குப் போனாள்.

"மஞ்சு நல்லா இருக்கா கேப்டன்?"

கேப்டன் மெல்வதை நிறுத்தினார்.

"இன்னொன்னு எடுத்துக்கங்க. செய்யாத தப்பை ஒத்துக்கிட்டு ஒரு மனுஷன் அங்க குனிஞ்சு நிக்கிறாரு. வேடிக்கை பார்த்துக்கிட்டே சாப்பிட்டா ருசியா இருக்கும்."

"நீ பொல்லாதவ" என்றார் கேப்டன். கையிலிருந்த பாதி மஞ்சுவை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"ஏம்மா, அந்தக் கப்பல் சரிதான்! உன் கப்பலும் சரிதான்! மூக்கை ஒடைச்சது நான்!" என்று படகுத்துறைக்கே கேட்கும் குரலில் சொன்னார். பச்சைக் கப்பல், பந்தயம், மச்சானின் வெல்டிங், எல்லாம் கொட்டியது. சொல்லி முடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டார். எதுவும் நடக்கவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் விசிறிக்கொண்டே சொன்னாள்:

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே கேப்டன். நான் அந்தக் கப்பல்லதான் இருந்தேன். 'விடாதீங்க, விடாதீங்க'ன்னு கத்துனதே நான்தான்."

"லீவு முடிஞ்சு கப்பல் சப்பை மூக்கோட வந்துச்சே" என்றார் இன்னொருவர். "தீவே சிரிச்சுது. உங்க மனசு நோகுமேன்னு யாரும் சொல்லல."

கேப்டனுக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் நெஞ்சில் வைத்துக் காத்த ரகசியத்தை இவ்வளவு மலிவாக்கினால் யாருக்குத்தான் வராது? அதற்குள் மூலையில் கைத்தடி ஊன்றி நின்ற ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். அவர் பச்சைக் கப்பலில் வேலை பார்த்தவர்.

"எது எப்படியோ, அன்னிக்கு ஜெயிச்சது நாங்கதான்."

"யாரு? நீங்களா?" கேப்டன் திரும்பினார். "துறையை மொதல்ல தொட்டது யாருய்யா? என் மூக்குதான்யா தொட்டுச்சு!"

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு மாடலை எடுத்து மேசைமேல் ஓட்டி அந்தப் பந்தயத்தை மறுபடி நடத்தத் தொடங்கினார்கள். மொச்சிசுகி சிரித்துக்கொண்டே தொகுநாகாவின் மாடலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மூக்கைச் செஞ்சது யாரு? இணைப்பு எங்கேன்னே தெரியலையே!"

"இவங்க" என்று தொகுநாகா சதொயேவைக் காட்டினார். "இந்த ஊர்ல அளக்கத் தெரிஞ்ச மூணாவது ஆள்."

"ரெண்டாவது ஆள் யாரு?" என்றாள் சதொயே.

"என் பல்லைச் செஞ்சவன்."

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அவர் வாயைத் திறந்து காட்டவேண்டி வந்திருக்கும்.

இலையுதிர்காலத்தில் அந்தக் கிட் புதிதாக வந்தது, ஒரே பெட்டியில் இரண்டு மூக்கோடு. நீள மூக்குக்கு அச்சு சதொயே செய்து அனுப்பியது. முதல் பெட்டியைச் சங்கத்தில் பிரித்தபோது தொகுநாகா காலிப்பரை எடுத்தார். பழைய அமைதி வந்தது.

"இருநூத்திப் பதினாறு" என்றார். நிறுத்தினார். மூக்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "புள்ளி ஒண்ணு. புள்ளி ஒண்ணு அதிகம் சதொயே சான்!"

"அப்படியா?"

"இருநூறால பெருக்குங்க. ரெண்டு சென்டிமீட்டர்!" அவர் ஏற்கெனவே காகிதத்தை இழுத்துப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "இதைக் கம்பெனிக்குத் தெரிவிச்சே ஆகணும்."

நிஷிவாக்கி சதொயேவின் காதருகில் குனிந்தார். "உங்க கைக்கு எப்படித் தப்பு வந்துச்சு?"

"வரல" என்றாள் அவள். "வேணும்னேதான் விட்டேன். குளிர்காலம் வருது, அந்த மனுஷனுக்கும் பொழுது போகணுமில்ல."